டாக்மாருக்காகத் தும்மியவர்

மூன்றாவது தும்மலை ப்ரெபென் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

முதல் இரண்டும் காருக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றுக்குச் சாட்சி இல்லை. மூன்றாவது வந்த இடம்தான் வம்பு. ஸ்கீவே நகர விளையாட்டரங்கின் வாசலில், கால்நடை மருத்துவரின் மேஜைக்கு முன்னால் நீண்ட வரிசையில் நிற்கும்போது, ப்ரெபெனின் கையிலிருந்த கூடைக்குள்ளிருந்து ‘ப்சிக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. முன்னால் நின்றவர் திரும்புவதற்குள் ப்ரெபென் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கூரைத் தகடு அதிரும்படி ஒரு ‘ஹாஆச்ச்’ போட்டார்.

“ப்ரோசிட்!” என்று வரிசை மொத்தமும் தும்மலுக்கு வாழ்த்துச் சொன்னது.

“நன்றி, நன்றி” என்று சொல்லிவிட்டு, காய்ந்து கிடந்த மூக்கைக் கைக்குட்டையால் துடைத்தார். கூடைக்குள் இருந்த டாக்மார் ஒன்றும் நடக்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளி நிறப் பாரசீகப் பூனை. ஆறு வயது. இதுவரை மூன்று சான்றிதழ் வாங்கியவள். நான்காவதும் கிடைத்துவிட்டால் பெரும் சாம்பியன்.

வேறு யாராவதாக இருந்தால் இந்நேரம் காரைத் திருப்பியிருப்பார்கள். ப்ரெபெனால் முடியாது. பூனைச் சங்கத்தின் உடல்நலக் குழுத் தலைவரே அவர்தான். கண்காட்சி விதிகளில் பதினான்காவதை எழுதியவரும் அவர்தான். ‘தும்மும் பூனையின் உரிமையாளர் ஓராண்டுக்கு விலக்கி வைக்கப்படுவார். அவர் பெயரும் படமும் சங்க இதழின் முதல் பக்கத்தில் வெளியாகும்.’ இதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்ப வழி இருந்திருக்கும். ஆனால் ப்ரெபென் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. ‘பெயர் கொடுத்துவிட்டுக் கண்காட்சி நாளில் வராமல் நின்றுவிடுபவருக்கும் இதுவே பொருந்தும்’ என்று இன்னொரு வரியையும் சேர்த்து, ஓட்டையை அடைத்துவிட்டதாக மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார். இப்போது அவரே அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வருடம் நகராட்சியில் குப்பைத் தொட்டிப் பிரிவில் இருந்தவர். தொட்டியின் மூடி எத்தனை விரற்கடை திறந்திருந்தால் குப்பை எடுக்கப்படாது என்று தீர்மானித்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று மாதம் வீட்டில் உலாத்தினார். அப்புறம் பூனைகள் மாட்டிக்கொண்டன.

பதினான்காம் விதிக்கு இதுவரை பலியானது ஒரே ஒரு ஆள், விபெகே. போன வருடம் அவளுடைய பூனை இரண்டு முறை தும்மியது. “கூண்டுத் திரையில இருந்த தூசிப்பா, ப்ரெபென்” என்று கெஞ்சினாள். “விதிக்குத் தூசி தெரியாது, விபெகே” என்றார் ப்ரெபென். அந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், அன்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இதழின் முதல் பக்கத்தில் விபெகேயின் படம் வந்தது. பாதி கண் மூடியிருந்த படம்.

அவள் தண்டனை முடிந்து இன்றுதான் திரும்பி வருகிறாள்.

“அடுத்தவங்க வாங்க. ஓ, ப்ரெபென்! என்ன, சளியா?” என்றாள் மருத்துவர் மெரெத்தெ.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“ஆமா, ஆமா. எனக்குத்தான். எனக்கு மட்டும்தான்.”

மெரெத்தெ கூடையைத் திறந்தாள். டாக்மார் பிசைந்து வைத்த மாவு போல உட்கார்ந்திருந்தாள். கண் ஓரத்தில் வழிந்ததையெல்லாம் ப்ரெபென் கார் நிறுத்துமிடத்திலேயே வெதுவெதுப்பான தேநீரில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்திருந்தார். அதில் கண்கள் இரண்டும் பளபளவென்று ஆகியிருந்தன.

“கண்ணு ஈரமா இருக்கே?”

“மூக்கு சப்பையான ஜாதி, மெரெத்தெ. எப்பவும் கசியும்.”

“சரி, தடுப்பூசிப் புத்தகம்?”

“மார்ச்சுல போட்டாச்சு. பக்கம் ஆறு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு.”

“போட்டிருந்தாலும் ஃப்ளூ லேசா வரலாம், உங்களுக்குத் தெரியாததா? வாயைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்...”

டாக்மாரின் மூக்கு சுருங்கியது. ப்ரெபெனுக்கு அந்தச் சுருக்கம் தெரியும். இன்னும் இரண்டே நொடி. இந்த முறை அவர் பூனைக்குப் பின்னால் தும்மவில்லை, முந்திக்கொண்டார். மேஜையே ஆடும்படி அவர் தும்மிய அதிர்ச்சியில் டாக்மார் தன் தும்மலை விழுங்கிவிட்டாள். அதுவரை வெற்றிதான். ஆனால் அவருடைய தும்மல் மெரெத்தெயின் கண்ணாடியிலும் பதிவேட்டிலும் போய் இறங்கியிருந்தது.

மெரெத்தெ கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள்.

“பூனை போகலாம். நீங்க போக முடியாது.”

“ஏன்?”

“பதினேழாம் விதி. ‘சளியுள்ள மனிதர் பூனையைத் தொடக் கூடாது, முகக்கவசம் அணிந்து, கூண்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.’ நீங்க எழுதினதுதான்.”

“அது... அது பொதுவா எழுதினது.”

“நீங்களும் பொதுல ஒருத்தர்தானே? பூனையப் பக்கத்துக் கூண்டுக்காரங்க பாத்துப்பாங்க. அதுவும் நீங்க எழுதினதுதான், அதே விதியில ரெண்டாவது பத்தி. பக்கத்துக் கூண்டு யாரு?” மெரெத்தெ பட்டியலில் விரலை ஓட்டினாள். “விபெகே.”

ப்ரெபென் கூடையின் மூடியைச் சாத்தினார்.

விபெகே தன் கூண்டுக்கு நீல நிறத்தில் திரை தைத்துப் போட்டிருந்தாள். உள்ளே நான்கு மாதக் குட்டிகள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து கொண்டிருந்தன. டாக்மாரின் கூடையைக் கையில் வாங்கும்போது அவள் முகத்தில் எந்தக் குத்தலும் இல்லை. ப்ரெபெனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“நான் பாத்துக்கறேன்ப்பா. நீ போய் உக்காரு. உன்னப் பாத்தாலே பாவமா இருக்கு.”

“தொட வேண்டாம். கூண்டுக்குள்ள வெச்சா போதும்.”

“சீவ வேண்டாமா? நாலாவது சான்றிதழ் ஆச்சே!”

தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். ப்ரெபென் முகக்கவசத்தோடு அதில் உட்கார்ந்து, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து தன் பூனையின் மூக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு சுருங்கினால் தும்ம வேண்டும். இதுதான் வேலை. நகராட்சியில்கூட இவ்வளவு கவனமாக அவர் வேலை செய்ததில்லை.

பத்தரை மணிக்குள் ஏழு முறை தும்மியாகிவிட்டது. எட்டாவதில் கொஞ்சம் பிந்திவிட்டார்.

“என்னப்பா, உனக்கு ரெண்டு ரெண்டா வருது?” என்றாள் விபெகே. “முதல்ல சின்னதா ஒண்ணு, அப்புறம் பெருசா ஒண்ணு.”

“எதிரொலி. கூரை உயரமில்ல?”

“எதிரொலி முன்னாடியா வரும்?”

“இந்த அரங்கத்துல வரும்.”

விபெகே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டாள். ஆனால் செய்தி பரவிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க மாட்டார்கள். அடுத்தவர் மூக்கு என்றால் மட்டும் விட மாட்டார்கள். ஒருவர் பிளாஸ்கில் இஞ்சி தேநீர் கொண்டுவந்தார். ஒருத்தி கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிவிட்டாள். சியாமியப் பூனைக்காரர் மூலிகைக் கசப்புச் சாராயத்தை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டி, “ஒரே மடக்கு. மூக்கு திறந்துக்கும்” என்றார். மறுத்தால் சளி பொய் என்று ஆகிவிடும். குடித்தார். சற்று நேரத்தில் அந்தச் சியாமியப் பூனைக்காரரின் மனைவி வந்து, அவர் கொடுத்தது தெரியாமல், இன்னொரு கோப்பை கொடுத்தாள். அதையும் குடித்தார்.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. “உடல்நலக் குழுத் தலைவர் ப்ரெபென் கடுமையான சளியிலும் கடமை தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல்!”

அரங்கமே திரும்பிக் கைதட்டியது. அந்தச் சந்தடியில் டாக்மார் இரண்டு முறை நிம்மதியாகத் தும்மிக்கொண்டாள். ப்ரெபென் எழுந்து நின்று, கையை ஆட்டி, இரண்டு முறை தும்மினார்.

அப்போதுதான், வீட்டில் அவர்களுடைய இன்னொரு பூனையோடு இருந்த மனைவி ஹெல்லே ஃபோனில் கூப்பிட்டாள்.

“இங்க ஃப்ரீடாவும் தும்ம ஆரம்பிச்சுட்டா. நாக்குல புண்ணு. மீன் வெச்சா மோந்துகூடப் பாக்க மாட்டேங்கறா. டாக்மார் எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா.”

“நீ பொய் சொன்னா உன் குரல் கீச்சுன்னு போகும், ப்ரெபென். இருபத்தொம்பது வருஷமா கேக்கறேன்.”

“சாராயம் குடிச்சிருக்கேன், அதான்.”

“காலைல பதினோரு மணிக்கா? சரிதான். அது பூனைகளுக்கு வர ஃப்ளூ. காலையில காருல ஏத்தும்போதே சொன்னேன். அவளக் கூட்டிட்டு வா.”

“பாதியில கிளம்பினா ஏன்னு கேப்பாங்க. சொன்னா ஒரு வருஷம் வெளிய. முதல் பக்கத்துல படம்.”

“படம்தானே? முடி வெட்டிட்டுப் போய் எடுத்துக்கோ.”

“ஹெல்லே, நான் எழுதின விதி!”

“அதத்தான் நானும் சொல்றேன். நீ எழுதினது.” அவள் குரல் தணிந்தது. “இங்க பாரு, அவளுக்கு உடம்பு சரியில்ல. மூக்கு அடச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலன்னா சாப்பிடாது. பூனை ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தா என்ன ஆகும்னு நீயேதானே துண்டுப் பிரசுரம் போட்ட?”

போட்டிருந்தார்தான். நான்கு பக்கம், வண்ணத்தில். தும்மல் துளி எவ்வளவு தூரம் போகும், கை வழியாக, சட்டைக் கை வழியாக, சீப்பு வழியாக வைரஸ் எப்படித் தாவும், குட்டிகளுக்கு ஏன் அது உயிருக்கே ஆபத்து என்று எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு கூண்டின் மேலும் ஒரு பிரதி வைக்கப்பட்டிருந்தது. விபெகே தன் பிரதியைக் குட்டிகள் கழிக்கும் மண் தட்டுக்கு அடியில் விரித்திருந்தாள்.

“மத்தியானம் ஆனதும் வந்துடறேன்” என்று ஃபோனை வைத்தார். டாக்மாரைப் பார்த்தார். அவள் எப்போதும் கூண்டின் முன்பக்கத்துக்கு வந்து அவரைத் தேடுவாள். இன்று மூலையில் சுருண்டிருந்தாள். அவளைப் போல அவர் யார் மேலும் உயிரை வைத்ததில்லை. அது ஹெல்லேவுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவரை இழுத்து உட்கார வைத்தது அந்த முதல் பக்கம்தான்.

பன்னிரண்டு மணிக்கு டாக்மாரின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கூண்டிலிருந்து பூனைகளை நடுவர் மேஜைக்குத் தூக்கிச் செல்லும் வேலை டோவேயுடையது. எழுபதைத் தாண்டியவர், ஏப்ரன் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல், ஒவ்வொரு பூனையாகத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, மேஜையைத் துடைத்துவிட்டு வருவார். டாக்மாரை அவர் கையில் எடுத்தபோது ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். டோவே ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

நடுவர் ஃப்ளோரிமோன் பெல்ஜியத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர். டாக்மாருக்கு முன்னால் வந்த கொழுகொழு ஆண்பூனை அவருடைய கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தொங்கிவிட்டுப் போயிருந்ததால் கொஞ்சம் கடுகடுப்பாக இருந்தார். டாக்மாரை மேஜையில் வைத்ததும் அவர் முகம் மாறியது. டாக்மார் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள்.

“இந்தக் கண்ணப் பாருங்க!” என்றார் கூடியிருந்தவர்களிடம். “காலைப் பனி மாதிரி மின்னுது. சீப்பால சீவி வர அழகு இல்ல இது. உள்ளேர்ந்து வரணும்.”

ப்ரெபென் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

ஃப்ளோரிமோன் பூனையின் காதைத் தொட்டார். “எவ்வளவு கதகதப்பா இருக்கு! ரத்த ஓட்டம்! சில பூனைங்கள தொட்டா மீன் மாதிரி சில்லுனு இருக்கும். இவ உடம்பு பூரா உயிர்!”

டாக்மார் வாயைத் திறந்து மியாவ் சொல்லப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

“பாத்தீங்களா?” நடுவரின் குரல் நெகிழ்ந்தது. “வாயத் திறக்கறா, ஆனா நம்மள தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சத்தம் இல்லாம பேசறா. இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு நாகரிகத்த நான் பாத்ததில்ல. வாலப் பிடிச்சு இழுக்கறேன், பல்லப் பாக்கறேன், ஏன்னு ஒரு பார்வை இல்ல. என்ன குணம்! என்ன பொறுமை!”

கூட்டம் ‘ஆஹா’ என்றது. இரண்டு பேர் ஃபோனில் படம் எடுத்தார்கள். டாக்மாரின் மூக்கு சுருங்கியது.

ப்ரெபெனுக்கும் மேஜைக்கும் நடுவே பத்து மீட்டர் இருந்தது. வேறு வழியில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, முழு நுரையீரலையும் திரட்டி, அன்றைய தும்மல்களிலேயே மிகப் பெரியதைப் போட்டார். முகக்கவசம் ஒரு பக்கம் அறுந்து காதில் தொங்கியது. கூண்டுகளில் இருந்த பாதிப் பூனைகள் மேலே ஏறிக்கொண்டன.

“ப்ரோசிட்!” என்றது அரங்கம்.

நடுவர் மட்டும் ப்ரோசிட் சொல்லவில்லை. டாக்மாரைக் கைகளால் மறைத்துக்கொண்டார்.

“அந்த மனுஷன வெளிய அனுப்புங்க! இவ்வளவு ஆரோக்கியமான பூனைக்கு அவர் சளி ஒட்டிக்கப் போகுது!”

கம்பளிச் சால்வையோடும் அறுந்த முகக்கவசத்தோடும் ப்ரெபெனை இரண்டு பேர் மரியாதையாகக் கையைப் பிடித்து நடைக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. “இங்க உக்காருங்க, சூப் கொண்டுவரோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை வருடமாக விதி போட்டு மற்றவர்களை அவர் வெளியே அனுப்பியிருக்கிறார். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். டோவே டாக்மாரைத் தூக்கிவந்து கூண்டில் விட்டார். விபெகே குனிந்து அவளைப் பார்த்தாள். டாக்மார் தும்மினாள். இம்முறை அதை ஏற்றுக்கொள்ள ப்ரெபென் அங்கே இல்லை. விபெகேக்கு அது கேட்டதா, ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லையா தெரியாது. “அடடா” என்று அவள் உதடு அசைந்தது. தன் சட்டைக் கையால் டாக்மாரின் மூக்கை இதமாகத் துடைத்துவிட்டாள். அவருடைய பூனையின் மூக்கை, அவரால் ஒரு வருடம் தலைகுனிந்து இருந்தவள்.

பிறகு அதே கையால் தன் கூண்டைத் திறந்து, மூன்று குட்டிகளில் மிகச் சின்னதை எடுக்கப் போனாள்.

“தொடாத!” என்று ப்ரெபென் கத்தினார். கண்ணாடி கனமான கண்ணாடி. “விபெகே! கை! கையக் கழுவு!” இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார். தலைக்கு மேல் கையை ஆட்டினார்.

உள்ளே இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பாவம், நடுவரின் பாராட்டை வெளியிலிருந்து கொண்டாடுகிறார் என்று நினைத்து எல்லோரும் புன்னகையோடு கையாட்டினார்கள். விபெகேயும் ஆட்டினாள். நல்லவேளையாக, குட்டியை எடுக்கப்போன கையால்.

அதே நேரம் ஒலிபெருக்கி, “இன்றைய கண்காட்சியின் சிறந்த பூனை...” என்று தொடங்கி, டாக்மாரின் பெயரைச் சொன்னது.

ப்ரெபென் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மஞ்சள் நாடாவை மிதித்துக்கொண்டு, மேடைக்குப் போய், அறிவிப்பாளர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“விபெகே, குட்டியத் தொடாத! சட்டைய மாத்து, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவு!” மூச்சு வாங்கியது. “டாக்மாருக்கு ஃப்ளூ. எனக்குச் சளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலையிலேர்ந்து தும்மினது அவதான். நான் அவளுக்காகத் தும்மினேன்.”

ஒரு பூனை மட்டும் எங்கோ மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

“இத்தன பூனைங்க நடுவுல, தெரிஞ்சே கொண்டுவந்து வெச்சேன். என் படம் முதல் பக்கத்துல வந்துடுமேன்னு. பதினாலாம் விதிப்படி என்னையே நான் வெளியேத்திக்கறேன். கண்ணு மூடின படமாவே போடுங்க.”

அவ்வளவுதான். குரல் உடைந்துவிட்டது. அவர் அழுததை அந்தச் சங்கத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்காதது போல எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

விபெகே நேராகக் கழிவறைப் பக்கம் போனாள். பத்து நிமிடம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கை இரண்டும் சிவந்துபோய்த் திரும்பி வந்தாள். ப்ரெபென் முன்னால் வந்து நின்றாள்.

“குட்டியத் தொட்டியா?” என்றார் ப்ரெபென்.

“இல்ல. நீ கையாட்டினியா, நானும் ஆட்டிட்டு நின்னேன். அதுக்குள்ள நீ கத்திட்ட.”

ப்ரெபென் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” விபெகேயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். “போன வருஷம் என் பூனைக்கு வந்ததும் தூசி இல்ல.”

“தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா நான் தும்மிக் காட்டலாம்னு எனக்குத் தோணவே இல்லப்பா. அதுல நீ கெட்டிக்காரன்.”

மெரெத்தெ டாக்மாரை ஒரு தனி அறையில் வைத்து, நிதானமாகப் பார்த்தாள். காய்ச்சல், அடைத்த மூக்கு, நாக்கு ஓரத்தில் சின்னப் புண். “பயப்பட வேண்டாம், தடுப்பூசி போட்டதால லேசாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போனதும் குளியலறையில வெந்நீரத் திறந்து விட்டு ஆவியில உக்கார வையுங்க. மீனக் கொஞ்சம் சூடாக்கிக் குடுங்க, வாசனை தெரியும். இந்த வைரஸ் போனாலும் முழுசாப் போகாது, உடம்புக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். பயணம், கூட்டம், மிரட்சின்னு வந்தா மறுபடி தலை தூக்கும். கண்காட்சின்னு சொல்றோமே, அதுல மூணுமே இருக்கு.” பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “கண்ணு எப்பவும் கசியும்னு சொன்னீங்களே. நானும் தலையாட்டிட்டேன். எனக்கும் ஒரு விதி எழுதுங்க.”

“இனிமே நான் எதுவும் எழுதல” என்றார் ப்ரெபென். உண்மையாகவே சொன்னார்.

எல்லோரும் அவரவர் பூனைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பதினைந்து நாள் யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று மெரெத்தெ சொல்லிவிட்டாள். போகிறபோது திட்டுவார்கள் என்று ப்ரெபென் எதிர்பார்த்தார். யாரும் திட்டவில்லை. ஏனோ ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவும் இல்லை. கொஞ்சம் அவசரமாகவே போனார்கள். சியாமியப் பூனைக்காரர் தன் கூடையின் மேல் இரண்டு சால்வை போட்டு மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஓடினார்.

அரங்கம் காலியானது. மேஜைகளைத் துடைத்து முடித்த டோவே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ப்ரெபென் கூடையோடு வெளியே போக வசதியாக.

“மன்னிச்சுக்கோங்க, டோவே” என்றார் ப்ரெபென். “நீங்க கைல தூக்கிட்டுப் போனப்பவே சொல்லியிருக்கணும். இந்தச் சங்கத்தோட சரித்திரத்துல சீக்காளிப் பூனை ஒண்ணு முதல் பரிசு வாங்கினது இதான் முதல் தடவை. அந்தக் கெட்ட பேர் எனக்கு.”

டோவே ஏப்ரனை அவிழ்த்து மடித்தார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு முறைதான்.

“முதல் தடவையா? நாப்பது வருஷமா மேஜைக்கு நான்தான் தூக்கிட்டுப் போறேன், ப்ரெபென். உடம்பு நல்லா இருக்கற பூனை ஒண்ணுகூட இதுவரைக்கும் முதல் பரிசு வாங்கினதில்ல; அதுங்க எல்லாம் நடுவரக் கடிச்சுட்டுப் போயிடும்.”